நமது மெயின் ரோட்டின் கதை: தண்ணீருக்குக் குறுக்கே ஒரு வீதி

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

கொழும்பு–கண்டி வீதியைப் போட்டது யார் என்று கேட்டால் நமது பிள்ளைகள் எட்வர்ட் பார்ன்ஸ் என்று உடனே சொல்லும். பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் தங்களின் பாடசாலை வாசலால் ஓடுகிற வீதி எப்படி வந்தது என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நாமும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நாம் மெயின் ரோட் என்று சொல்கிற வீதிக்கு அரசாங்கப் பதிவில் பெயர் ஏ-4. கொழும்பில் தொடங்கி அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய, புத்தல, மொனராகலை, சியம்பலாண்டுவ, லகுகல என்று வந்து பொத்துவிலில் கடற்கரையைப் பிடிக்கிறது. அங்கிருந்து வடக்கே திரும்பி மட்டக்களப்பில் முடிகிறது. மொத்தம் சுமார் 430 கிலோமீற்றர். இலங்கையின் ‘ஏ’ தர வீதிகளிலேயே மிக நீளமானது இதுதான். வீதியோரக் கிலோமீற்றர் கற்களில் நாம் பார்க்கும் எண்கள் எல்லாம் கொழும்பிலிருந்து எண்ணப்பட்டவை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் கொழும்புக்குப் போகிற பஸ்களில் பெரும்பாலானவை இந்த வீதியால் கொழும்பு வரை போவதில்லை. அம்பாறை, மஹியங்கனை, கண்டி வழியாகப் போகும். இல்லாவிட்டால் மட்டக்களப்பு, பொலன்னறுவை வழியாகப் போகும். பெயரளவில் இது கொழும்பு வீதி. நமக்கு இது ஊருக்கு ஊர் போகிற வீதி. பொத்துவில் முதல் மட்டக்களப்பு வரையான சுமார் 110 கிலோமீற்றரும் தனியான ஒரு வரலாறு. நான் எழுதப்போவது அந்தத் துண்டைப் பற்றித்தான்.

தெற்கிலிருந்து ஊர்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். பொத்துவில், கோமாரி, தாண்டியடி, விநாயகபுரம், திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை. மாவட்டம் மாறியதும் பெரியகல்லாறு, கோட்டைக்கல்லாறு, ஓந்தாச்சிமடம், களுவாஞ்சிகுடி, செட்டிபாளையம், குருக்கள்மடம், கிரான்குளம், ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி. ஒரு முஸ்லிம் ஊர், ஒரு தமிழ் ஊர் என்று தஸ்பீஹ் மணி போலக் கோர்த்துக் கிடக்கின்றன. கோர்த்த நூல் இந்த வீதி.

ஏன் எல்லா ஊர்களும் ஒரே கோட்டில் கிடக்கின்றன? நிலத்தின் அமைப்பு அப்படி. கிழக்கே கடல். மேற்கே வயல் வட்டைகள், குளங்கள், பெரியநீலாவணைக்கு வடக்கே போனால் மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் நடுவே மேடான மணல் திட்டு ஒன்று தெற்கு வடக்காக ஓடுகிறது. மாரியில் தண்ணீர் நிற்காத இடம் அதுதான். நமது முன்னோர்கள் வீட்டை மணலில் கட்டி, வயலை மேற்கே வைத்து, தோணியைக் கிழக்கே விட்டார்கள். வீதியும் அந்த மணல் மேட்டிலேயேதான் விழுந்தது.

மேற்கே மலைநாட்டில் விழுகிற மழை கடலுக்கு வந்தாக வேண்டும். அதற்கு அது இந்த மணல் மேட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். ஆகவே நமது வீதி முழுவதும் தண்ணீருக்குக் குறுக்கே போடப்பட்ட வீதி. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள். இந்த வீதியின் வரலாற்றில் பாதி இதற்குள் அடங்கியிருக்கிறது.

இந்த வீதி வருவதற்கு முன்னர் மனிதர்கள் எப்படிப் பயணித்தார்கள்? பழைய பாதைகளில் முக்கியமானவை தெற்கு வடக்காக அல்ல, கிழக்கு மேற்காக ஓடின. கடற்கரையில் உப்பும் கருவாடும் இருந்தன. மலைநாட்டில் பாக்கும் தேனும் மெழுகும் இருந்தன. பொதி மாடுகளை வரிசையாக ஓட்டிப்போகிற தவளக்காரர்கள்தான் இரண்டையும் இணைத்தார்கள். அதில் நம்மவர்களின் பங்கு பெரியது. போர்த்துக்கேயர் தங்களின் ஆட்சிப் பகுதியிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்ற வரலாறு நமக்குத் தெரியும். அந்தக் காலத்தில் இந்தக் கரை கண்டி ராச்சியத்தின் கடல் வாசலாக இருந்தது. 1602 இல் ஒல்லாந்துத் தளபதி ஸ்பில்பேர்கன் கண்டி மன்னனைச் சந்திக்க வந்தபோதும் மட்டக்களப்பில் இறங்கித்தான் உள்ளே போனார்.

சாகாமம் வீதி, காரைதீவு–சம்மாந்துறை–அம்பாறை வீதி என்று நமது மெயின் ரோட்டிலிருந்து மேற்கே பிரிகிற வீதிகளைச் சின்ன வீதிகள் என்று நினைக்கிறோம். திசையைப் பார்த்தால் மூத்த வழக்கம் அவற்றினுடையதுதான். வயலுக்கும் குளத்துக்கும் காட்டுக்கும் போன பாதைகள் அவை. சாகாமம் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல் வண்டிலில் ஏறி அக்கரைப்பற்றுக்கு வந்த திசை அது.

தெற்கு வடக்காகப் போகத் தண்ணீரே வழியாக இருந்தது. மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் தென் கோடி நமது வயல்களுக்குக் கிட்ட வரை வருகிறது. கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்து நெல் வள்ளங்களில் ஏறி வாவி வழியாக மட்டக்களப்புக்குப் போனது. கரையால் நடந்து போனவர்கள் ஒவ்வொரு ஆற்றுவாயிலும் தோணிக்காரனைக் கூப்பிட்டு நிற்க வேண்டும். மாரியில் முகத்துவாரம் வெட்டுப்பட்டால் பயணமே இல்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் வீதிகள் முதலில் கோப்பி விளைந்த மலைநாட்டுக்குத்தான் போயின. கிழக்குக்குக் காலதாமதமாகவே வந்தன. ஆனால் வரி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. 1848 ஆம் ஆண்டு வீதிச் சட்டத்தின்படி ஆண்கள் ஒவ்வொருவரும் வருடத்தில் 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 3 சிலிங் கட்ட வேண்டும். ஆரம்பத்தில் பௌத்த பிக்குகளையும்கூட அந்தச் சட்டம் விட்டுவைக்கவில்லை. அந்த ஆண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இந்த வரிகளும் ஒரு காரணம். இலங்கையின் பழைய வீதிகளில் பெயர் தெரியாத எத்தனையோ ஏழைகளின் ஆறு நாள் உழைப்பு கிடக்கிறது.

1850களின் பிற்பகுதியில் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. நெல் பெருகியது. கரையோரத்தில் தென்னந்தோட்டங்கள் பெருகின. விளைந்ததைக் கொண்டுபோக வண்டில் ஓடும் வீதி தேவைப்பட்டது. மணல் பாதை கிறவல் போட்ட வீதியாக மாறியது இப்படித்தான். ஆனால் ஆறுகள் அப்படியே நின்றன. வீதி ஓடிவந்து ஆற்றங்கரையில் நிற்கும், வண்டில் தோணிக்காகக் காத்திருக்கும்.

அந்தக் காத்திருப்பை முடித்த பெரிய பாலம் கல்லடிப் பாலம். 1924 இல் கட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் வில்லியம் மானிங்கின் மனைவி பெயரில் லேடி மானிங் பாலம் என்று பெயர் வைத்தார்கள். இலங்கையின் மிக நீளமான இரும்புப் பாலம் என்று பெயர் எடுத்தது. மீன் பாடுகிற பாலம் என்று கதை சொல்லாதவர்களே இல்லை. ஆனால் அகலம் ஒரு வாகனத்துக்குத்தான். ஒரு பக்கத்து வாகனங்கள் வந்து முடியும் வரை மறு பக்கம் காத்து நிற்க வேண்டும். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோனவர்களுக்கு அந்தக் காத்திருப்பின் நீளம் தெரியும். பக்கத்தில் ஜப்பானின் உதவியுடன் கட்டப்பட்ட புதிய பாலம் திறக்கப்பட்டது 2013 மார்ச்சில். நடுவில் 89 வருடங்கள்.

1928 இல் ரயில் மட்டக்களப்புக்கு வந்தது. அதற்குத் தெற்கே இன்று வரை ஓர் அங்குலம் தண்டவாளம் இல்லை. ரயில் இல்லாத, விமானம் எட்டாத மக்களுக்கு வீதி ஒன்றுதான் உயிர். 1958 ஜனவரி 1 ஆம் திகதி பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தது. நமது பக்கத்தில் பெண் பிள்ளைகள் பக்கத்து ஊர்ப் பாடசாலைக்குப் போகத் துணிந்ததில் பஸ்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. எனது உம்மா ‘பஸ் வந்துதான் நாங்க படிச்ச’ என்று இன்றும் சொல்வா. வாப்பாமார் வண்டில் கட்டிக் கொண்டுபோய் விடவேண்டிய காலம் அதோடு முடிந்தது.

இந்த நேரத்தில் மேற்கே இன்னொரு மாற்றம் நடந்தது. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவானது. நமது பெரியவர்கள் பட்டிப்பளை ஆறு என்று அழைத்த ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டினார்கள். அமெரிக்கக் கம்பனி ஒன்று இயந்திரங்களோடு வந்து கட்டியது. சேனாநாயக்க சமுத்திரம் உருவானது. அம்பாறை நகரமானது. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் உருவாக்கப்பட்டது. அதுவரை கச்சேரி வேலை என்றால் வடக்கே மட்டக்களப்புக்குப் போன கரையோர மக்கள், மேற்கே அம்பாறைக்குத் திரும்பினார்கள். காரைதீவிலிருந்து சம்மாந்துறை வழியாக அம்பாறை போகிற ஏ-31 வீதி அன்றிலிருந்துதான் நமது வாழ்க்கையில் இவ்வளவு முக்கியமானது. தவளம் போன பழைய கிழக்கு மேற்குத் திசை மறுபடியும் உயிர் பெற்றது.

வீதியின் நல்ல காலத்தைப் போலக் கெட்ட காலத்தையும் எழுத வேண்டும். 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தென்னை மரங்கள் வீதிக்குக் குறுக்கே விழுந்து கிடந்தன. ஒவ்வோர் ஊரும் தன் எல்லை வரை மரத்தை வெட்டி ஒதுக்கியபின்தான் வீதி திறந்தது. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று சூறாவளி பார்க்கவில்லை, கோடரி பிடித்தவர்களும் பார்க்கவில்லை.

அதற்குப் பன்னிரண்டு வருடங்களுக்குப் பின்னர் இதே வீதி நம்மை வெட்டியது. 1990 ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். ஜூலையில், ஹஜ் கடமையை முடித்துவிட்டு வீடு திரும்பியவர்கள் உட்பட, இந்த வீதியால் காத்தான்குடிக்குப் போன முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அது வரலாறு ஆகாது.

அதன் பின்னர் வருடக்கணக்கில் இந்த வீதி துண்டு துண்டாகக் கிடந்தது. தார் அப்படியே இருந்தது, பயணம்தான் இல்லை. அடுத்த ஊரைத் தாண்டுவதற்கு முன் யார் ஓட்டுகிறார்கள், யார் கூட வருகிறார்கள், என்ன நேரம் என்று கேட்டுத்தான் வீட்டை விட்டு இறங்கினோம். சாகாமம் பக்கம் வயல் வைத்திருந்தவர்கள் விதைத்ததை வெட்டப் போக முடியாமல் போனார்கள். வீதி என்பது கல்லும் தாரும் மாத்திரம் இல்லை, பக்கத்து ஊரான் மீது வைக்கும் நம்பிக்கையும் சேர்ந்ததுதான் வீதி. இதை நமது தலைமுறை விலை கொடுத்துப் படித்தது.

2004 டிசம்பர் 26 வந்தது. இலங்கையில் சுனாமியால் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நமது அம்பாறை மாவட்டம். 10,000 க்கும் மேற்பட்டவர்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எல்லாம் கடலுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே அடர்ந்து கிடந்த ஊர்கள். அன்று ‘மெயின் ரோட்டுக்கு ஓடுங்க’ என்று கத்தியது பலரின் காதில் இன்னும் இருக்கிறது. மேட்டில் கிடந்த வீதி அன்று பலருக்குக் கரையாக நின்றது. அந்த நாட்களில் கோயில்களும் பள்ளிவாசல்களும் கதவு திறந்தன, யாரும் பெயர் கேட்கவில்லை. நிவாரண லொறிகள் வந்ததும் இதே வீதியால்தான்.

சுனாமிக்குப் பின்னரும், 2007 இல் கிழக்கில் யுத்தம் ஓய்ந்த பின்னரும் வெளிநாட்டு உதவிகளோடு வீதிகளும் பாலங்களும் திருத்தப்பட்டன. கிடங்கும் பள்ளமுமாக இருந்த வீதி காபட் வீதியானது. ஒருகாலத்தில் அரை நாள் பிடித்த மட்டக்களப்புப் பயணம் ஒரு மணித்தியாலத்துக்குள் சுருங்கியது. அல்ஹம்துலில்லாஹ். நான் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சியில் இருந்த காலத்தில் பஸ்ஸில் இருந்து புத்தகம் வாசிக்க முடிந்ததே இந்த வீதியின் தயவால்தான்.

இப்போது அதிவேகப் பாதைகளின் காலம். 2011 இல் தெற்கு அதிவேகப் பாதை திறந்தது, பின்னர் மாத்தறைக்கும் 2020 இல் அம்பாந்தோட்டைக்கும் நீண்டது. 2013 இல் கட்டுநாயக்க, 2022 இல் மீரிகம–குருநாகல். வடக்குக்கும் கிழக்குக்கும் ஓர் அதிவேகப் பாதையும் இதுவரை வரவில்லை. நமக்கும் வேண்டும் என்று கேட்கிறவர்களின் நியாயம் எனக்கு விளங்குகிறது. கொழும்பு ஆஸ்பத்திரிக்கு இரவெல்லாம் பஸ்ஸில் போகிற நோயாளி எந்த ஊரில் இல்லை?

ஆனால் நான் அதற்கு முன்னர் ஒன்றைக் கேட்கிறேன். வருகிற வீதி தண்ணீரைக் கேட்டு வருமா?

நமது ஊர்களில் தோணா என்று ஒன்று இருக்கிறது. வட்டையிலிருந்து வடிகிற தண்ணீர் ஊருக்குள்ளால் கடலுக்குப் போகிற வழி. சாய்ந்தமருதுத் தோணாவைத் தெரியாதவர்கள் யார்? வெயில் காலத்தில் அது வெறும் பள்ளம். குப்பை போட வசதியான இடம், நிரப்பினால் ஒரு வளவு. மாரியில்தான் அதன் உண்மையான முகம் தெரியும். வீதியைத் திருத்தும் ஒவ்வொரு தடவையும் வீதி கொஞ்சம் உயர்கிறது. உயர்ந்த வீதி, மதகு அடைபட்டால், ஒரு நீண்ட அணைக்கட்டு. மேற்குப் பக்கம் தண்ணீர் நிற்கும், கிழக்குப் பக்கத்தார் ஏன் என்று கேட்பார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் இதைக் கண்டோம்.

மணலுக்கும் இது பொருந்தும். ஒலுவில் துறைமுகம் 2013 செப்டம்பரில் திறக்கப்பட்டது. கடலோரம் நகர்கிற மணலைக் குறுக்கே மறித்ததால் ஒரு பக்கம் துறைமுக வாய் மணலால் அடைபட்டது, மறு பக்கம் ஊரின் கரையைக் கடல் தின்றது. மணலும் தண்ணீரும் போகிற வழியை மறித்துக் கட்டினால் யாருடைய வளவில் கணக்குத் தீர்க்கப்படும் என்பதற்கு ஒலுவில் மக்களைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

2024 நவம்பர் 26. இந்தத் திகதியை எழுதும்போது கை தயங்குகிறது. வெள்ளம் என்பதால் விடுமுறை விடப்பட்டு, நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போனார்கள். வீதிக்கு மேலால் பாய்ந்த வெள்ளம் பெட்டியைப் புரட்டி இழுத்துப்போனது. பிள்ளைகளும் உடன் சென்றவர்களும் உயிரிழந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு ஜன்னத்துல் பிர்தவ்ஸை வழங்குவானாக. அந்த இடம் வயல் வெளியின் நடுவே தண்ணீர் வழமையாகக் குறுக்கே போகிற இடம். ஒவ்வொரு மாரியிலும் நாம் கரண்டைக் காலை நனைத்துக் கடந்த இடம். பழகிப்போன ஆபத்தை நாம் ஆபத்தாகப் பார்க்கவில்லை.

1924 இல் கல்லடிக்கு ஒரு பாலம் கிடைத்தது. நூறு வருடங்களுக்குப் பின்னர் 2024 இல், மாவட்டத்தின் தலைநகருக்குப் போகிற ஏ-31 வீதியில் நமது பிள்ளைகள் தண்ணீரைத் தாண்ட முடியாமல் போனார்கள். இந்த வீதியின் வரலாற்றில் நான் கண்ட மிகக் கனமான வரி இதுதான்.

ஆகவே வீதியை அகலமாக்கித் தாருங்கள், நான்கு வழியாக்கித் தாருங்கள் என்று மகஜர் எழுதும்போது முதல் வரியில் மதகையும் பாலத்தையும் எழுதுவோம். காபட் போடுகிற நாளில் படம் எடுக்கப் போகிற நாம், மதகு கட்டுகிற நாளில் எத்தனை அடி அகலம் என்று அளக்கவும் போவோம். தோணாவை நிரப்பி வளவாக்குகிறவர் நமது சொந்தக்காரராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்வோம். வெள்ள நாளில் தண்ணீர் பாயும் வீதியில் பிள்ளைகளை ஏற்றி அனுப்பாமல், அந்த இரவு பாடசாலையிலோ மத்ரஸாவிலோ வைத்துக்கொள்ள இப்போதே ஏற்பாடு செய்வோம். இதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் எல்லைக்குள் மெயின் ரோட்டைத் தண்ணீர் எந்த இடங்களில் கடந்தது, அந்த மதகுக்கு அல்லது தோணாவுக்கு ஊரில் என்ன பெயர், இப்போது அது திறந்திருக்கிறதா, மூடிக் கிடக்கிறதா என்று கீழே எழுதுங்கள். பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதுவித்தாலும் சரி. பொத்துவில் முதல் கல்லடி வரை ஊர் ஊராகச் சேர்த்து, எனது வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு வரைபடமாக வரையப்போகிறேன். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாரிக்கு முன்னர் அதை இங்கே போடுவேன். பக்கத்துத் தமிழ் ஊர்களின் உறவுகளும் எழுதுங்கள். தண்ணீர் உங்கள் ஊரைத் தாண்டித்தான் எங்கள் ஊருக்கு வருகிறது.